வேலைப் பலகை

கொருக்குப்பேட்டை கேட்டுக்கு இந்தப் பக்கம் எங்கள் மடம்.
சரக்கு வண்டி வந்து நின்றால்
திருப்பாடலில் பாதி வரி
என்ஜின் சத்தத்துக்குள் போய்விடும்.
மீதியை மனசுக்குள் சொல்லிக்கொள்வோம்.
நாலு மணிக்கு எங்கள் மணி.
நாலு அஞ்சுக்குத் தண்ணி லாரி.
எது அழைப்பு என்று தெருவைக் கேட்டால்
குடங்கள் பதில் சொல்லும்.

பதினொரு பேர் இருக்கிறோம்.
மெழுகுவத்தி வார்க்கிறோம்,
பள்ளிக்கூடங்களுக்கு நோட்டு தைத்துக் கொடுக்கிறோம்,
மணலிக் காற்றில் இன்னும் கருகாத
நாலு கத்தரிச்செடி.
உணவறைச் சுவரில் நீல எழுத்தில்
‘உழைப்பும் செபமே’.
பெயிண்ட் அடித்தது நான்தான்.
கடைசி எழுத்து கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும்.

சனிக்கிழமைதோறும்
யாருக்கு எந்த வேலை என்று
பலகையில் எழுதுவதும் நான்தான்.
சமையல், மெழுகு, தோட்டம், பீடத் துணி.
கடைசி வரி
கக்கூஸ், சாக்கடை.
எழுதியதை நோட்டிலும் குறித்துவைப்பேன்,
கணக்குப்பிள்ளை மகன் புத்தி.

தவக்காலத்தில் ஒரு மத்தியானம்
பேனா மை உறைந்துபோக
அந்த நோட்டின் பின்பக்கத்தில் கிறுக்கிப் பார்க்கையில்
பக்கங்கள் தானாகப் புரண்டன.
பத்தொன்பது வாரம்.
கடைசி வரியில்
பதினாலு தடவை தோபியாஸ்.

யாரும் சொல்லவில்லை எனக்கு.
நானும் எனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை.
சாக்கட்டி நாலு வரி இறங்கி வரும்,
ஐந்தாவதில் கை
யோசிக்காமல் எழுதும்.

தோபியாஸுக்குப் புளியந்தோப்பு.
எங்களில் குரல் நன்றாக உள்ளவன் அவன் ஒருவன்தான்.
பின்பக்கக் குழாயடியில்
மூங்கில் கழியைக் கழுவிக்கொண்டிருந்தான்.
நோட்டை நீட்டினேன். ஈரக்கையால் வாங்கவில்லை,
எட்டிப் பார்த்தான்.
‘பதினஞ்சு பிரதர். பொங்கல் வாரம் நீங்க ஊருக்குப் போயிருந்தீங்க’ என்றான்.

பிறகு கழியைச் சுவரில் சாய்த்துவிட்டு:
‘எங்கப்பா கார்ப்பரேஷன்ல முப்பது வருசம்.
ஒருநாளும் இத்த செபம்னு சொன்னதில்ல.
சம்பளம்னாரு.
அதுவும் மூணு மாசம் லேட்டா வரும்.
எனக்கு வேல மேல கோவம் இல்ல.
சுவத்துல ஒண்ணு எழுதிட்டு
பலகையில வேற எழுதறீங்களே, அது.’

மன்னிப்பு என்ற சொல்
வாய்வரை வந்து
அங்கேயே சௌகரியமாக உட்கார்ந்துகொண்டது.
நான் கேட்டது இதுதான்:
‘கழிய எந்தப் பக்கம் புடிக்கணும்?’
‘நாறாத பக்கம்’ என்றான்.
சிரித்தானா, தெரியவில்லை.

அந்த வாரம் மழை. தவக்காலத்தில் மழை!
கால்வாய் எதிர்த்து ஏறி
எங்கள் முற்றத்துக்குள் தன் கறுப்பை வாந்தியெடுத்தது.
வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினேன்.
பால் பாக்கெட், முடி, செத்த பெருச்சாளி,
நாங்கள் தைத்த நோட்டின் அட்டை ஒன்று,
பதினொரு துறவிகளின் வயிறு.
கழி உள்ளே இடித்துக்கொண்டே இருந்தது.
செபம் வரவில்லை.
குமட்டல் வந்தது. முதுகுவலி வந்தது.
எங்கள் வீட்டுப் பின்வாசலுக்கு விடிகாலையில் வந்துபோகும் ஒருவரின்
தலைப்பாகை மட்டும் ஞாபகம் வந்தது.
முகம் வரவில்லை.
முகத்தை நாங்கள் பார்த்ததில்லை.

திடீரென்று தண்ணீர் இறங்கியது,
பெரிய மிடறாக.
அவ்வளவுதான்.

மூன்று முறை குளித்தும்
மாலைச் செபத்தில் நாறினேன்.
பக்கத்தில் நின்ற எமிலியான்
அரையடி நகர்ந்தார்.
நல்ல மனிதர்தான். கால் நகர்ந்தது.
எதிர் வரிசையில் தோபியாஸ்,
விரலிடுக்கில் மெழுகுப் பிசிறுடன்,
ஆரம்பச் சுரத்தை எடுத்துக் கொடுத்தான்.
வண்டி ஏதும் வரவில்லை அன்று.
முழு வரியும் கேட்டது.

இன்று சனி.
ஈரத்துணியால் பலகையைத் துடைத்தேன்.
காயக் காய
கடைசி வரியில் அந்தப் பழைய பெயர்
வெளிறி மேலே வருகிறது.
இன்னொரு முறை துடைக்கிறேன்.
வருகிறது.
அதன் மேலேயே
பிலவேந்திரன் என்று
அழுத்தி எழுதுகிறேன்.
சாக்கட்டி உடைகிறது.
புதுப் பெட்டி வாங்க வேண்டும்.